நனைந்த ஜாக்கியின் எடை

கொள்ளுக் கடை சிதம்பரநாதனிடம் கொள்ளு வாங்க வருகிறவர்களைவிட யோசனை கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். இதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. யோசனையை மூட்டையில் கட்டி விற்க முடியாதே! இருபத்தேழு வருடம் பதுளை நீதிமன்றத்தில் தமிழை ஆங்கிலமாகவும் ஆங்கிலத்தைத் தமிழாகவும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர். அத்தனை வருடம் அடுத்தவர் சாட்சியத்தைக் கேட்டுக் கேட்டு, எது நடந்திருக்கும், எது நடந்திருக்காது என்பது அவருக்கு எப்படியோ பிடிபட்டுவிடும். ஓய்வு பெற்று, தகப்பனார் வைத்திருந்த கடையில் வந்து உட்கார்ந்த பிறகும் ஊர் அவரை விடவில்லை.

1909ஆம் வருடம், சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முழங்கால் வரைக்கும் சேறு. தலையில் போட்டிருந்த கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள வந்து உக்காரும்மா. எங்கேருந்து வர்றே?" என்றார் சிதம்பரநாதன்.

"நமுனுகுல மலைக்கு அந்தாண்ட, கல்லுமலைத் தேயிலைத் தோட்டங்கய்யா. எம் பேரு பூவம்மா. ஜாக்கி வீரய்யா சம்சாரம்."

வீரய்யா என்ற பெயர் காதில் விழுந்ததுதான் தாமதம், பக்கத்துக் கடையில் சேணம் தைத்துக்கொண்டிருந்த தாஸிம் ஊசியும் கையுமாக ஓடி வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது, மூன்று பெண்களுக்குத் தகப்பன். ஆனால் குதிரைப் பந்தயம் என்றால் மனிதருக்குக் கால் தரையில் நிற்காது. சிதம்பரநாதன் ஒரு விஷயத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குவதற்குள் தாஸிம் இரண்டு குற்றவாளிகளைப் பிடித்துவிடுவார். இரண்டும் தப்பாக இருக்கும். அதற்காக அவர் சோர்ந்துபோனதே இல்லை.

"நேத்தே வந்திருப்பேங்கய்யா," என்றாள் பூவம்மா. "அடை மழையில கொழுந்து நெறுத்து முடியவே பொழுது போயிருச்சு. கூடை இருவத்தெட்டு ராத்தல் இருக்கும்னு எந் தோளு சொல்லுது, இருவத்திரண்டுன்னு கூப்புடுறாங்க. அதுக்குச் சண்டை புடிக்கவா எனக்கு இப்ப மனசு கெடக்கு? நாளைக்கு மூணு மணிக்கு அவருக்கு வெசாரணை. அவர் தமிழ்ல சொல்றத இங்கிலீசுல சொல்ல உங்களத்தான் கூப்பிட்டிருக்காங்களாம். நல்லபடியா எடுத்துச் சொல்லுங்கய்யா. எங்களுக்கு வேற ஆளு இல்ல."

"என்ன நடந்துச்சுன்னு எனக்கு முழுசாத் தெரியாதேம்மா."

"நான் சொல்றேன்!" என்று தாஸிம் குறுக்கே விழுந்தார். "என் கண்ணால பாத்தேன்!"

அவர் மூச்சுவிடாமல் சொன்னதை நாம் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம்.

சனிக்கிழமை பதுளை மைதானத்தில் துரைமார் கிண்ணத்துக்கான ஓட்டம். இந்த ஓட்டத்தில் ஒவ்வொரு குதிரையும் நூற்றிருபத்தாறு ராத்தல் சுமக்க வேண்டும். ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அவ்வளவு வராவிட்டால், சேணத்தில் உள்ள தோல் பையில் ஈயக் கட்டிகளைப் போட்டு எடையைச் சரிக்கட்டுவார்கள். ஓட்டத்துக்கு முன்பு ஒருமுறை நிறுப்பார்கள். முடிந்ததும், முதல் நான்கு ஜாக்கிகளும் யாரையும் தொடாமல் நேரே வந்து சேணத்தோடு மறுபடியும் தராசு நாற்காலியில் உட்கார வேண்டும். நடுவழியில் ஈயத்தை வீசிவிட்டுக் குதிரையை லேசாக ஓட்டுகிற திருட்டுக்குத்தான் இந்த இரண்டாவது நிறுவை.

வீரய்யா ஓட்டியது பென்டன் துரையின் செவலைக் குதிரை. ஓட்டம் தொடங்கும் நேரத்துக்கு வானம் உடைத்துக்கொண்டு கொட்டியது. கொட்டுகிற மழையில் செவலை இரண்டு குதிரை நீளம் முந்தி வந்து ஜெயித்தது. வீரய்யா சேணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். தராசைப் பார்த்தவர் "நூற்றிருபத்திரண்டு" என்றார். நான்கு ராத்தல் குறைவு!

"வீரய்யா துள்ளிக் குதிச்சு எறங்கிட்டான்," என்றார் தாஸிம். "சேணத்தத் தரையில போட்டான். பொய், பொய்னு கத்துறான். சனமெல்லாம் சூழ்ந்துக்கிச்சு. கீழ கெடந்த சேணத்த அவனோட குதிரைக்காரன் மாரிசாமி எடுத்து வச்சிருந்தான். அப்புறம் பாத்தா, பையில ஈயக் கட்டி மூணும் அப்படியே இருக்கு!"

"மறுபடியும் நிறுத்துப் பாக்கலையா?"

"நாற்காலிய விட்டு எறங்கினவன மறுபடி ஏத்தக் கூடாதாம். சட்டமாம்."

நடுவர்களின் தலைவர், கல்லுமலைத் தோட்டத்து ஹார்கிரேவ் துரை. அவர் சொன்ன கணக்கு இதுதான். கட்டி ஒன்று மூன்று ராத்தல். முதல் நிறுவைக்குப் பிறகு வீரய்யா இரண்டு கட்டிகளை எடுத்து மாரிசாமியிடம் கொடுத்துவிட்டான். ஆறு ராத்தல் குறைந்தது. மழைத் தண்ணீர் இரண்டு ராத்தல் கூட்டியது. ஆகவே மொத்தத்தில் குறைந்தது நான்கு. பிறகு கூட்டத்துக்குள் மாரிசாமி கட்டிகளைத் திரும்பப் பையில் போட்டுவிட்டான்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு," என்றார் சிதம்பரநாதன்.

"ஐயா!" என்றாள் பூவம்மா. "அவரு செய்யலைங்க. போன தடவ செஞ்சாரு, இல்லேங்கல. இந்தத் தடவ செய்யல."

"போன தடவையா?"

"நாலு வருஷத்துக்கு முந்தி வேற ஒரு தொரை குதிரைய இழுத்துப் புடிக்கச் சொன்னாரு. இவரும் புடிச்சாரு. ஒரு வருசம் மைதானத்துக்குள்ள விடல. சொன்ன தொரைக்கு ஒண்ணுமில்ல. இப்ப ரெண்டாவது தடவன்னு எழுதிட்டா ஆயுசுக்கும் வெலக்கிருவாங்களாம். இங்கேருந்து சென்னைப்பட்டணம் வரைக்கும் எந்த மைதானத்துலயும் கால் வைக்க முடியாது. பேரு அச்சடிச்சு எல்லா எடத்துக்கும் போயிரும். லாயத்து வேலையும் போயிரும். அவருக்குக் குதிரையத் தவிர ஒண்ணும் தெரியாதுங்கய்யா."

சிதம்பரநாதன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "தாஸிம், கடையப் பூட்டுங்க."

"எனக்கு ஆள் தெரிஞ்சுபோச்சு," என்றார் தாஸிம் பூட்டிக்கொண்டே. "ரெண்டாவதா வந்தானே நிஸாம், அவன் வேலைதான்!"

மைதானத்துக் குதிரை லாயத்தில் வீரய்யா வைக்கோல் மீது குந்தியிருந்தான். மெலிந்த உடம்பு. விசாரணை முடியும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. மாரிசாமி ஒரு மூலையில் செவலைக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தான். குதிரை மட்டும்தான் அங்கே நிம்மதியாக இருந்தது.

"முள்ளப் பாத்தியா வீரய்யா? தராசு முள்ள?" என்று கேட்டார் சிதம்பரநாதன்.

"எப்படிங்க பாக்குறது? நாங்க தராசுக்குக் கீழ தொங்குற நாற்காலியில உக்காந்திருக்கோம். தராசு மொகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கு. பாத்துச் சொன்னவரு கணபதி கணக்கப்புள்ள. எங்க தோட்டத்து ஆளுதான், எங்க மடுவத்துல, கொழுந்து நெறுக்குற கொட்டகையில, எடை பாக்குறவரு. தராசும் எங்க தோட்டத்துத் தராசுதான்."

"ஹார்கிரேவ் துரை பாக்கலையா?"

"அவரு குடைக்குக் கீழ புத்தகத்த நனையாமப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. கணக்கப்புள்ள சொன்னத எழுதினாரு."

"ஓட்டத்துக்கு முந்தி நிறுத்தது யாரு?"

"அதே கணபதிதான். அப்ப நூத்தியிருவத்தாறுன்னு சரியாச் சொன்னாரு. வெயிலு காஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"கணபதிக்கும் உனக்கும் ஏதாவது தகராறா?"

வீரய்யா யோசித்தான். "இல்லீங்க. எம் பொண்ணு காதுகுத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவரு. அவரப் பத்தி நான் தப்பாச் சொல்ல முடியாது."

சிதம்பரநாதன் மாரிசாமியின் பக்கம் திரும்பினார். அவர் கேட்பதற்கு முன்பே அவன் பொரிந்து தள்ளினான். "சேணம் சேத்துல கெடந்துச்சு, எடுத்து வச்சேன். அது ஒரு குத்தமா? அந்தப் பையத் தொறக்கவே இல்ல சாமி. எங்க கொலசாமி மேல சத்தியமா!"

சேணம் நடுவர்களின் அறையில் பூட்டிக் கிடந்தது. ஆனால் அந்தப் பையைத் தைத்ததே தாஸிம்தான். அதே மாதிரி ஒன்று அவருடைய கடையிலும் இருந்தது. இரண்டு தடித்த தோல் வார், ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளைக் கொக்கி.

அடுத்ததாக நிஸாம். பதுளைப் பிள்ளைதான். தெருமுனையில் தம்முடைய குதிரையை நடத்திக்கொண்டு போனவரைத் தாஸிம் கழுத்தைப் பிடிக்காத குறையாக நிறுத்தினார்.

"என்னய்யா, கிண்ணத்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம்னு பாக்கிறியா?"

நிஸாமுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தக் கிண்ணம் யாருக்கு வேணும்? ரெண்டு குதிரை நீளத்துல தோத்துட்டு, நாற்காலியில உக்காந்து ஜெயிச்சேன்னு ஊர் சிரிக்கவா? வீரய்யா அண்ணன் அந்த மழையில ஓட்டின மாதிரி நான் ஓட்டியிருக்க முடியாது. அதுதான் உண்மை."

"கோவிச்சுக்காதீங்க," என்றார் சிதம்பரநாதன். "ஒரே ஒரு விஷயம். உங்கள நிறுத்தப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"நூத்தியிருபத்தெட்டு. மூணாவது, நாலாவது ஆளுக்கும் அதேதான். தண்ணி ரெண்டு ராத்தல் ஏத்திருச்சு."

"கணபதிதான் வாசிச்சாரா?"

"இல்ல. வீரய்யா அண்ணன் விவகாரம் ஆனதும் ஹார்கிரேவ் துரைக்குக் கோபம் வந்திருச்சு. கணக்கப்பிள்ளைய ஒதுங்கச் சொல்லிட்டு எங்க மூணு பேருக்கும் துரையே முள்ளப் பாத்து வாசிச்சாரு."

சிதம்பரநாதன் தலையை ஆட்டினார். அப்புறம் நேரே கடைக்கு நடையைக் கட்டினார். தாஸிமுக்கோ வழியெல்லாம் நாக்கு அரித்தது.

கடைக்கு வந்ததும் சிதம்பரநாதன் ஈயப் பையைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று கட்டிகளையும் போட்டு, வாரை இழுத்துக் கொக்கியில் மாட்டி, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைத்தார். ஓட்டமும் ஆர்ப்பாட்டமுமாக எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ அவ்வளவு நேரம் ஊறியதும் வெளியே எடுத்தார்.

"தொறங்க."

தாஸிம் இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். தோல் ஊறிப் பருத்து, கொக்கி முனை துளைக்குள் புதைந்துபோயிருந்தது. கடைசியில் குறடு எடுத்து வந்து நெம்பியதில் வார் பிய்ந்துகொண்டு வந்தது.

"யா அல்லா! நான் தைச்ச வாரு எனக்கே தண்ணி காட்டுதே!"

"மாரிசாமி அந்தச் சனத்துக்கு நடுவுல, வெறுங்கையால, வாரும் பிய்யாம, யாரும் பாக்காம இதத் தொறந்து மூடியிருப்பானா?"

"மாட்டான்!"

"அப்ப ஈயம் வெளிய போகவே இல்ல. ஈயம் போகலன்னா வீரய்யாவோட எடையும் குறையல. மத்த மூணு பேரு மாதிரி அவனும் நூத்தியிருபத்தெட்டு இருந்திருக்கணும்."

"அப்படின்னா தராசு கெட்டிருக்கு!"

"அதே தராசு ரெண்டு நிமிஷம் கழிச்சு மூணு பேருக்கும் சரியாக் காட்டுச்சே."

"அப்ப கணபதி பொய் சொல்லியிருக்கான்! காசு வாங்கியிருக்கான்! கொடுத்தது யாருன்னா..."

"தாஸிம், காசு வாங்கினவன் முதல்ல என்ன செய்வான்? ஒரு ஆளு எட்டிப் பாத்தா மானம் போயிரும்னு பயந்து வாசிப்பான். பக்கத்துலயே துரை நிக்கிறாரு. கணபதி துளியும் பயப்படாம சத்தமா வாசிச்சிருக்கான். அவன் பொய் சொன்னதா அவனே நினைக்கலைன்னு எனக்குத் தோணுது."

"தப்பா வாசிச்சவனுக்கே தப்புன்னு தெரியாதா? அது எப்படி?"

"அதுதான் எனக்கும் பிடிபடல," என்றார் சிதம்பரநாதன். முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. பிடிபடாத விஷயம் என்றால் அவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. "ஓட்டத்துக்கு முந்தி அதே ஆளு, அதே தராசு, அதே ஜாக்கி. சரியா வாசிச்சான். ஓட்டம் முடிஞ்சதும் தப்பா வாசிச்சான். நடுவுல மாறினது என்ன?"

"சேணமா?" என்றார் தாஸிம்.

"மழை," என்றார் சிதம்பரநாதன். திடீரென்று தொடையில் ஒரு தட்டு தட்டினார். "அட, மடையன் நான்! அந்த அம்மா வந்த உடனே சொல்லிருச்சே!"

"என்ன சொல்லிச்சு?"

"நாளைக்கு நல்ல கோட்டு எதுவும் போட்டுக்கிட்டு வராதீங்க, தாஸிம்."

சொல்லிவிட்டுக் கொள்ளு மூட்டையைக் கட்டப் போய்விட்டார்.

புதன்கிழமை மூன்று மணிக்கு மைதானத்துக் கொட்டகையில் விசாரணை தொடங்கியது. மேசைக்குப் பின்னால் ஹார்கிரேவ் துரை, ஒரு வெள்ளைக்கார டாக்டர், இன்னொரு துரை. செவலையின் சொந்தக்காரர் பென்டன் துரை ஒரு பக்கம் சுருட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீரய்யாவும் மாரிசாமியும் கைகட்டி நின்றார்கள். பூவம்மாவோடு கல்லுமலை லயத்து வீடுகளிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் நான்கு பேர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஓரத்தில் தராசு தொங்கியது. அதற்குப் பக்கத்தில் கணபதி கணக்கப்பிள்ளை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டில், பவ்யமாக நின்றார்.

ஹார்கிரேவ் துரை தம்முடைய கணக்கை மறுபடியும் சொன்னார். ஆறு போனது, இரண்டு வந்தது, நான்கு குறைந்தது. முன்பும் ஒருமுறை தண்டனை பெற்றவன். வேறென்ன வேண்டும்?

சிதம்பரநாதன் அதைத் தமிழில் சொல்லி முடித்துவிட்டு, ஆங்கிலத்தில் தம் சார்பாக ஒன்று கேட்டார். "இந்தத் தராசு சரியானது என்பதை எல்லாரும் ஒருமுறை பார்த்துவிடலாமா? நாளைக்கு யாரும் தராசைக் குறை சொல்லக் கூடாது. கணபதி கணக்கப்பிள்ளை உரக்க வாசிக்கட்டும். டாக்டர் அவருக்குப் பின்னால் நின்று, ஒன்றும் பேசாமல், தாம் பார்த்த எடையைத் தனியாக எழுதிக்கொள்ளட்டும்."

தராசு தம்முடைய தோட்டத்துத் தராசு. ஹார்கிரேவ் துரை தாராளமாகச் சம்மதித்தார்.

முதலில் மாரிசாமி உட்கார்ந்தான். "நூத்திப் பதினெட்டு!" என்றார் கணபதி. அடுத்தது நிஸாம். "நூத்திப் பதினஞ்சு!" பிறகு ஒரு லாயக்காரர். "நூத்தி முப்பத்தொண்ணு!" மடுவத்தில் வரிசையாகக் கூடைகள் வருகிற வேகம் அவர் குரலுக்கு வந்துவிட்டது. டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"அடுத்த ஆளு வாங்க!" என்று சிதம்பரநாதன் கொட்டகைக்குப் பின்புறம் பார்த்துக் கூப்பிட்டார்.

தாஸிம் வந்தார். தலையோடு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். சட்டையும் சாரமும் உடம்போடு ஒட்டி, தாடியிலிருந்து தாரையாக வழிய, பல் கிடுகிடுக்க வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். லயத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கணபதி முள்ளைப் பார்த்தார். நின்று யோசிக்கவில்லை. "நூத்தி நாப்பத்தொண்ணு!"

"இல்லையே!" என்று டாக்டர் ஆங்கிலத்தில் கத்திவிட்டார். பேசக் கூடாது என்பது அவருக்கு மறந்தே போனது. "நூற்று நாற்பத்தேழு! முள் நூற்று நாற்பத்தேழில் நிற்கிறது!"

ஹார்கிரேவ் துரை எழுந்து போய்ப் பார்த்தார். மற்றத் துரையும் போனார். பென்டன் துரையும் போனார். நூற்று நாற்பத்தேழுதான்.

"கணபதி," என்றார் சிதம்பரநாதன், தமிழில், மெதுவாக. "மறுபடியும் முள்ளப் பாருங்க. எங்க நிக்குது?"

கணபதி குனிந்து பார்த்தார். "நூத்தி நாப்பத்தேழுலங்க."

"அப்ப ஏன் நாப்பத்தொண்ணுன்னு சொன்னீங்க?"

"அவரு நனைஞ்சிருக்காரேங்க!"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. வாய் திறந்தபடியே நின்றது. தாஸிமின் பல் கிடுகிடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"துரைமார்களே," என்று சிதம்பரநாதன் ஆங்கிலத்துக்குத் திரும்பினார். "இவர் பதினெட்டு வருடமாகக் கல்லுமலை மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறார். மழை நாளில் நனைந்த கூடை வந்தால், முள் காட்டுகிற எடையில் தண்ணீருக்கென்று ஆறு ராத்தலைக் கழித்துவிட்டுத்தான் உரக்கச் சொல்லுவார். மனதில் கழிக்கிறதுகூட இல்லை, அது வாயிலேயே கழிந்து வரும். சனிக்கிழமை ஓட்டத்துக்கு முன்பு வெயில். வீரய்யா உலர்ந்து இருந்தான், எடை சரியாக வந்தது. ஓட்டம் முடிந்து சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தான். முள் நூற்றிருபத்தெட்டில் நின்றது, மற்ற மூன்று பேருக்கும் நின்ற அதே இடத்தில். இவர் ஆறைக் கழித்து நூற்றிருபத்திரண்டு என்றார். அந்த மூன்று பேருக்கும் இவர் வாசிக்கவில்லை. ஹார்கிரேவ் துரையே வாசித்தார். ஈயப் பையை யாரும் திறக்கவில்லை. நனைந்த வாரைத் திறந்து பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம், வாளியும் பையும் இங்கேயே இருக்கின்றன."

டாக்டர் திறந்து பார்த்தார். ஒரு நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"தொரை!" கணபதிக்கு அழுகை வந்துவிட்டது. "நான் வேணும்னு செய்யலைங்க தொரை. வீரய்யா வீட்டுல கை நனைச்சவன் நான். மழைன்னா ஆறு கழிக்கணும்னு நீங்கதான உத்தரவு போட்டீங்க. பதினெட்டு வருசமா அதே வாயிதானுங்க. எனக்கே தெரியாம வந்திருச்சு."

ஹார்கிரேவ் துரையின் காதுகள் சிவந்தன. தோட்டத்துத் துரைமார் எல்லாருக்கும் தமிழ் புரியும். அவர் உட்கார்ந்து, புத்தகத்தை இழுத்துக்கொண்டு, "தராசின் வாசிப்பில் சந்தேகம் இருப்பதால் விசாரணை முடிக்கப்படுகிறது என்று எழுதிவிடுகிறேன்" என்றார்.

"அப்படி எழுதினால் ஓட்டமே செல்லாததாகிவிடும்," என்றார் சிதம்பரநாதன். "வீரய்யா பெயரில் சந்தேகமும் அப்படியே நிற்கும். முன்பு ஒருமுறை, இப்போது சந்தேகமாக ஒருமுறை என்று எல்லா மைதானத்துக்கும் போகும். எந்தத் துரை அவனைக் குதிரையில் ஏற்றுவார்?"

"என் குதிரை ஜெயித்தது, ஹார்கிரேவ்," என்றார் பென்டன் துரை சுருட்டை எடுத்துவிட்டு. "என்ன நடந்ததோ அதை எழுது."

டாக்டரும் அதையே சொன்னார். வேறு வழியில்லை. பேனா கிறீச்சிட்டது. தீர்ப்பு எதுவானாலும் இரண்டு பாஷையிலும் வாசிக்க வேண்டும் என்பது விதி. சிதம்பரநாதன் தாளை வாங்கி, பெண்கள் நின்ற பக்கம் திரும்பி, நீதிமன்றத்துக் குரலில் வாசித்தார். "ஜாக்கி வீரய்யாவும் மாரிசாமியும் குற்றமற்றவர்கள். நிறுத்தவர், தோட்டத்தில் நனைந்த கொழுந்துக்குக் கழிக்கும் வழக்கப்படி, உண்மையான எடையிலிருந்து ஆறு ராத்தலைக் கழித்துச் சொன்னார். கிண்ணம் செவலைக் குதிரைக்கு உரியது."

வீரய்யா முகத்தை மூடிக்கொண்டு தேம்பினான். மாரிசாமி அவனைக் கட்டிக்கொண்டான். நிஸாம் ஓடி வந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். நனைந்த தாஸிமும் போய்ச் சேர்ந்துகொண்டதில் நான்கு பேரும் நனைந்தார்கள்.

"வா புள்ள, போவோம்," என்று வீரய்யா மனைவியைக் கூப்பிட்டான்.

பூவம்மா நகரவில்லை. சிதம்பரநாதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, ஒரு ஆளு மழையில முழுசா நனைஞ்சா ரெண்டு ராத்தல்தான் ஏறுதுன்னு இப்ப எல்லாருமாச் சொன்னாங்கல்ல?"

"ஆமாம்மா."

"ஒரு ஆளுக்கே ரெண்டுன்னா, ஒரு கூடைக் கொழுந்துக்கு எப்படி ஆறு?"

பின்னால் நின்ற நான்கு பெண்களும் ஓர் அடி முன்னால் வந்தார்கள்.

"எம் புருஷனுக்கு ஒரு தடவ ஆறு ராத்தலக் கழிச்சதுக்கு மூணு தொரைமாரு, டாக்டரு, வெசாரணை, எல்லாம் நடந்துச்சு. எனக்கு மழை பெஞ்ச நாளெல்லாம் கழிச்சாங்க. எடையில நாலு ராத்தல் கொறஞ்சா ஜாக்கிய ஆயுசுக்கும் வெலக்குவாங்க. கழிச்சவங்களுக்கு என்னங்க தண்டனை? கேட்டுச் சொல்லுங்க."

"பூவம்மா!" என்று வீரய்யா பதறினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹார்கிரேவ் துரைக்கு எல்லாம் புரிந்திருந்தது. இருந்தாலும் சிதம்பரநாதன் மற்றத் துரைமாருக்காக அதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் தரையைப் பார்த்தார். பென்டன் துரை சுருட்டின் சாம்பலைத் தட்டினார்.

"பந்தயப் புத்தகத்தில் அதற்கு விதி எதுவும் இல்லை," என்றார் ஹார்கிரேவ் துரை கடைசியில்.

சிதம்பரநாதன் அதைப் பூவம்மாவிடம் சொன்னார்.

"அப்ப இப்ப எழுதச் சொல்லுங்கய்யா," என்றாள் அவள். "பேனா கையிலதான இருக்கு."

துரை பேனாவை மேசையில் வைத்தார். அப்போது யாரும் கேட்காமலே கணபதி கணக்கப்பிள்ளை இரண்டடி முன்னால் வந்து நின்றார். கண்ணீர் இன்னும் காயவில்லை.

"ரெண்டு போதுங்க தொரை," என்றார். "எனக்குத் தெரியும். எப்பவுமே தெரியும். மழைக்கு ரெண்டு கழிச்சாப் போதும். ரெண்டுன்னு எழுதுங்க, அப்படியே வாசிக்கிறேன்."

சொல்லிவிட்டு மைக்கூட்டைத் தள்ளித் துரையின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு கணக்கப்பிள்ளை ஒரு துரையின் முன்னால் அப்படிச் செய்ததை அந்தக் கொட்டகை அதுவரை பார்த்ததில்லை. ஹார்கிரேவ் துரை பேனாவை எடுத்து ஒரு புதுத் தாளில் தோட்டத்துக்கான உத்தரவை எழுதத் தொடங்கினார். பூவம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவர் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்வரை அவள் பேனாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.